தாழக் கட்டிய கம்பி

சூசை இறந்துபோன செய்தி எனக்கு டெலிபோனில் வந்தது. ஆனால் ஒரே தடவையில் வந்து சேரவில்லை. ராயப்பன்பட்டியிலிருந்து அவருடைய மூத்த மகள் கூப்பிட்டாள். "மாமா, நான் செல்வி" என்றாள். "சொல்லும்மா" என்றேன். சொல்லிவிட்டு, என் வழக்கப்படி, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பக்கம் அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் இருமக்கூட இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் தடவை நான் எடுத்ததுமே, "மாமா, நீங்க ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, நான் நடுவுல சொல்லிர்றேன்" என்றாள். திடீரென்று எதைப் பேசுவது? "அங்கன மழை உண்டாம்மா?" என்று கேட்டேன். "அப்பா காலையில தவறிட்டாக" என்றாள்.

ஒருவர் பேசினால் மற்றவர் மூச்சு விடக்கூடாது என்ற இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவரே சூசைதான். அவருடைய சாவுச் செய்தியையும் அந்தப் பழக்கம் பத்து நிமிடம் வெளியே நிறுத்தி வைத்துவிட்டது. கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

மலை எஸ்டேட்டில் வேலை பார்த்து இறங்கிய நம்மில் பலருக்குச் சூசையின் குரல் தெரியும், முகம் தெரியாது. தினமும் காலை பத்து மணிக்கு "மலை, மலை, டிப்போ பேசுது" என்று ஒரு கட்டைக் குரல் ஆபீஸ் பெட்டியிலிருந்து வருமே, அந்தச் சூசை. அந்தக் குரல் முதன்முதலில் மலையேறி வந்த கதை உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். அம்மன் அருள் என்பார்கள் சிலர். ராணுவத்து மூளை என்பார்கள் சிலர். என் பயந்தாங்கொள்ளித்தனத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. இத்தனை வருடம் நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

பெரிய போர் முடிந்த மறு வருடம் அது. சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகும் பாதையில் எங்கள் கம்பெனியின் டிப்போ இருந்தது. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கிருந்து மலைக்கு ஏறும், தேயிலை இறங்கும். மேலே எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். பழனிசெட்டிபட்டியில் சமதரையில் வளர்ந்த எனக்கு மலைக் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை, உயரமும் ஒத்துக்கொள்ளவில்லை. டிப்போவுக்கும் ஆபீசுக்கும் டெலிபோன் கம்பி இழுத்திருந்தார்கள். அந்தக் கம்பங்கள் யானைகளுக்கு முதுகு சொறிய வாகாக இருந்தன. வருடத்தில் பாதி நாள் கம்பி தரையில் கிடக்கும். மழைக்காலத்தில் பாதையும் சரிந்துவிட்டால் மலைக்கும் ஊருக்கும் உறவே இல்லை. முந்தின வருட ஆனி மழையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். கீழே இருந்த டாக்டரம்மாவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தபோது மூன்று நாள் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான், மேலும் கீழும் பேசிக்கொள்ள ஒயர்லெஸ் வைப்பது என்று எஸ்டேட் துரை முடிவு செய்தார்.

சூசை அப்போதுதான் ராணுவத்தின் சிக்னல் பிரிவிலிருந்து விலகி, பர்மா காட்டுக் காய்ச்சலோடு ராயப்பன்பட்டிக்கு வந்திருந்தார். காக்கி டிரவுசர், காதோரம் ஒரு பென்சில், எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாத விரல். அண்ணன்மார்கள் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கட்டக் கூப்பிட்டார்கள். "அங்கனயும் கம்பி கட்டுனவந்தானே, இங்கனயும் கட்டு" என்று கேலி வேறு. அவர் கோபித்துக்கொண்டு எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டார். வேலை தற்காலிகம். வருகிற ஆனி மழைக்குள் மலையும் டிப்போவும் பேசிக்கொள்ள வேண்டும். பேசினால் வேலை நிரந்தரம், பேசாவிட்டால் சூசை திராட்சைப் பந்தலுக்குத் திரும்பலாம். துரை போட்ட கெடு அது.

வேலை போனால் வேலை மட்டும் போகாது என்பதுதான் இதில் சிக்கல். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள் ஆரோக்கியமேரியைச் சூசைக்குப் பேசி வைத்திருந்தார்கள். வாத்தியார் கறாரான மனிதர். "நெரந்தரம்னு துரை கையெழுத்துப் போட்ட காயிதத்தைக் கொண்டாங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையே கோயில்ல எல்லாரும் கேக்கக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். அதுவரை அந்தப் பெண் இருக்கும் தெருவில் நடக்கக்கூட சூசைக்கு அனுமதி இல்லை. ஆக, மலைக்கு ஒரு குரல் போய்ச் சேர்ந்தால்தான் அவருக்குக் கல்யாணம்.

செட் வாங்க நாங்கள் இரண்டு பேரும் மதராஸ் போனோம். சீமையிலிருந்து புது செட் வரவழைக்கலாம் என்றுதான் துரை நினைத்திருந்தார். அது வந்து சேருவதற்குள் இரண்டு மழை போய்விடும், ராணுவம் கழித்த செட்டே போதும், பேச வைப்பது என் பொறுப்பு என்று சூசை சொல்லியிருந்தார். ஒரு தகரக் கொட்டகையில் பச்சைப் பெட்டிகளை மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். சூசை ஒவ்வொன்றையும் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். பிறகு மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டார். கிடங்குக்காரன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மாம்பயமா வாங்குற?" என்று கேட்டான். மூக்கை வெளியே எடுக்காமலே, "மாம்பழத்துல அழுகுன வாடை பாக்கணும். இதுல கருகுன வாடை பாக்கணும்" என்றார் சூசை.

பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த இரண்டு பெட்டிகளை நான் ஆசையாகக் காட்டினேன். "மேல பெயின்ட் புதுசா இருந்தா உள்ள எதையோ மறைக்கிறான்னு அர்த்தம் ராசு" என்று தள்ளிவிட்டார். கடைசியில் தேர்ந்தெடுத்தவை மூன்றும் அடிபட்டு நசுங்கியவை. மேலே ஒன்று, கீழே ஒன்று, மூன்றாவது, மற்ற இரண்டுக்கும் உறுப்பு கொடுக்க. மூன்றும் ஒரே ரகமாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒன்றின் பக்கவாட்டில் எந்தச் சிப்பாயோ ஆணியால் ஒரு பெண்ணின் பெயரைக் கீறியிருந்தான். சூசை அதை விரலால் தடவிப் பார்த்து, "இது பேசிப் பழகுன செட்டு" என்றார். அதைத்தான் டிப்போவுக்கு வைத்துக்கொண்டார்.

செட் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். ஏரியல் கட்டும்போதுதான் தெரிந்தது, வேலை இனிமேல்தான் என்று. "செட்டு வெறும் வாயிதான். தொண்டை ஏரியலு" என்பார். சர்க்கார் கொடுத்த அலைவரிசைக்கு அறுபத்தாறு அடிச் செம்புக் கம்பி. நட்டநடுவில் வெட்டி, செட்டிலிருந்து வரும் வயரை அங்கே சேர்க்க வேண்டும். இரண்டு முனையும் மரத்தைத் தொடாமல் பீங்கானில் கட்டித் தொங்க வேண்டும். சீமைப் பீங்கானுக்கு எங்கே போவது? துரையின் பங்களாவில் நீலப் பூப் போட்ட டீக் கோப்பைகள் இருந்தன. அவற்றின் கைப்பிடி கம்பி கோக்கக் கச்சிதமான அளவு. மேலுக்கு இரண்டு, கீழுக்கு இரண்டு என நான்கு கைப்பிடி வேண்டியிருந்தது. உடைந்த கோப்பைகள் இரண்டுதான் இருந்தன. மீதி இரண்டும் பிறகு உடைந்தன என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

டிப்போ வளவில் இரண்டு இலவ மரங்கள் எழுபது அடிக்குக் குறையாமல் நின்றன. சூசை தாமே ஏறி உச்சிக் கிளைகளுக்கு நடுவே கம்பியை இழுத்துக் கட்டினார். எனக்குச் சொல்லி அனுப்பியது இதுதான்: "மேல நீயும் சவுக்கு மரத்துல அறுபது அடிக்குக் கொறையாமக் கட்டு. உசரந்தான் ராசு எல்லாம். எம்புட்டு உசரமோ அம்புட்டுச் சத்தம்."

நான் ஆபீஸ் ஏணியைச் சவுக்கு மரத்தில் சாத்தி ஏறினேன். ஏணியின் கடைசிப் படி பன்னிரண்டு அடி. அதற்கு மேல் என் கால் வரவில்லை. கீழே பார்த்தேன், அது தப்பு. மேலே பார்த்தேன், அது பெரிய தப்பு. ஆள் வைத்து ஏற்றியிருக்கலாமே என்பீர்கள். எனக்கு மரம் ஏறப் பயம் என்று எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது? பன்னிரண்டு அடியிலேயே இரண்டு மரத்திலும் கட்டிவிட்டு இறங்கினேன். சூசைக்குக் கடிதம் எழுதினேன்: "தாங்கள் சொன்னபடி அறுபது அடியில் கட்டியாயிற்று." துரையின் பங்களா ஆபீசிலிருந்து இரண்டு மைல். அவருக்கு ஏரியலும் தெரியாது, உயரமும் தெரியாது. கண்டுபிடித்தவன் ஒருவன்தான், தபால்காரன் விருமாண்டி.

விருமாண்டி ஒரு நாள் மலையேறி மறுநாள் இறங்குகிற கம்பெனித் தபால்காரன். ஒயர்லெஸ் பேச ஆரம்பித்தால் தன் பிழைப்பு என்னாவது என்று அவனுக்கு ஏற்கெனவே கவலை. தலைக்கு மேல் கை நீட்டினால் எட்டிவிடும் போலிருந்த என் கம்பியைப் பார்த்துவிட்டு, "கிளார்க்கய்யா, ஒங்க ஊருல அறுபது அடிங்கிறது இம்புட்டுத்தானாக்கும்?" என்று கேட்டான். அன்றிலிருந்து என் புகையிலைப் பொட்டணம் அவனுடையதாயிற்று.

நாற்பது நாள். தினமும் காலை பத்து மணிக்கு நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். காதில் எண்ணெய் காயும் சத்தம் மட்டும் வரும். கால் மணி நேரம் அவர் பேச வேண்டும், கால் மணி நேரம் நான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. பேசியது கேட்டதா என்று எப்படித் தெரியும்? டெலிபோன் கம்பி அப்போதும் யானை தள்ளித் தரையில்தான் கிடந்தது, ஆகவே கடிதம்தான். "திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் பேசியது கேட்டதா?" என்று அவர் எழுதுவார். விருமாண்டி அதைச் சுமந்து செவ்வாய்க்கிழமை வருவான். "கேட்கவில்லை. நான் பேசியது கேட்டதா?" என்று நான் எழுதுவேன். புதன்கிழமை அது இறங்கும். ஒயர்லெஸ் வந்த பிறகு விருமாண்டிக்கு வேலை இரண்டு மடங்கு ஆயிற்று. அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

சூசை பேசியதை யாருமே கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் அவர் "மலை, மலை, கேக்குதா?" என்று கத்திவிட்டு, பதில் கேட்பதற்காகச் சுவிட்சிலிருந்து கையை எடுத்ததும், கணீரென்று ஒரு குரல், "ஆரா? எவிடுன்னா?" என்று மலையாளத்தில் கேட்டது. அரபிக் கடலில் போய்க்கொண்டிருந்த ஏதோ கப்பல். சூசைக்கும் கொஞ்சம் மலையாளம் வரும். சின்னமனூர் என்றார். "அது எவிடெயா?" என்றான் கப்பல்காரன். வழி சொல்லத் தொடங்கி, போடியையும் கம்பத்தையும் விவரித்து முடிப்பதற்குள் கப்பல்காரன் போய்விட்டான். இது துரைக்கு எட்டியது. மறு தடவை டிப்போவுக்கு வந்தவர், "சூசை, கடலுக்குக் கேக்குது. தோட்டத்துக்குக் கேக்கலை. நான் கடல்லயா டீ போட்டிருக்கேன்?" என்று கேட்டாராம். வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை வருவேன், அன்றைக்குக் கேட்காவிட்டால் அன்றைக்கே கணக்கு முடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இந்த விஷயம் விருமாண்டி மூலம் எனக்கு வந்தபோது சோறு இறங்கவில்லை. கப்பல் வரைக்கும் போகிற குரல் எனக்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு யாரிடம்? அவர் எழுபது அடியில் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். நான் பன்னிரண்டு அடியில் கட்டிவிட்டுப் பொய் எழுதியிருக்கிறேன். ஒரு நல்ல மனிதனின் வேலையையும், முகம் பார்த்திராத ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் என் தொடை நடுக்கம் கெடுத்துவிட்டது என்று தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. மறுபடி ஏணியைச் சாத்தினேன். பதினான்காம் அடியில் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன். விருமாண்டிதான் என்னை இடுப்பைப் பிடித்து இறக்கினான். உண்மையை எழுதிவிடுவது என்று மூன்று தடவை காகிதம் எடுத்தேன். மூன்று தடவையும் "இங்கு யாவரும் நலம்" என்று முடித்து அனுப்பினேன்.

கீழே அதே வாரம் நடந்ததைச் சூசை பின்னால் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதில் வரும் நாட்டாமையின் மீசை கொஞ்சம் நீளும். டிப்போ இருந்த ஊரில் காளியம்மனுக்குப் பொங்கல் சாட்டிக் காப்புக் கட்டியிருந்தார்கள். நாட்டாமை நாலு பேரோடு டிப்போவுக்கு வந்தார்.

"தம்பி, காப்புக் கட்டுன எட்டு நாளைக்கு அம்மன் கொடிக்கம்பத்துக்கு மேல ஊருக்குள்ள எதுவும் புதுசா உசரக் கூடாது. அது வழமை. ஒங்க கம்பியைக் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்க."

"மரம் அதைவிட உசரமா நிக்குதே, நாட்டாமை?" என்றார் சூசை.

"மரம் அம்மன் வச்சது. கம்பி நீங்க வச்சது."

"வெள்ளிக்கெழமை துரை வாராக. அன்னைக்கு மட்டும் இருக்கட்டும். எங் கல்யாணமே அதுலதான் இருக்கு."

"ஒங்க கல்யாணத்துக்கு நாங்க கெடாயே வெட்டுறோம். கம்பி மட்டும் எறங்கணும்."

சூசை பிடி கொடுக்கவில்லை. துரை அந்த வாரம் வெளியூரில் இருந்தார். வருகையை நான்கு நாள் தள்ளிப்போடச் சொல்லி அவருக்குத் தந்தி அடிக்கலாம் என்று, வெள்ளிக்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னமனூர் போனார். தந்தி ஆபீஸ் பூட்டியிருந்தது. திரும்பி வந்தால், நாட்டாமையின் ஆட்கள் வேலையை முடித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பதனமாகத்தான் செய்திருந்தார்கள். கைப்பிடி, கயிறு, வயர் எல்லாம் அப்படியே இருந்தன. எழுபது அடியிலிருந்து இறக்கி, அதே இரண்டு மரத்தில் இரண்டு ஆள் உயரத்தில் கட்டி, சும்மா கிடக்கிறதே என்று வரிசையாக வேப்பிலையும் சொருகியிருந்தார்கள். மறுபடி ஏற்ற நேரம் இல்லை. துரையின் கார் வளவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

துரை இறங்கியதும் முதலில் பார்த்தது வேப்பிலையை. இரண்டாவது பார்த்தது, இத்தனை நாளும் எழுபது அடி உயரத்தில் யார் கண்ணுக்கும் படாமல் இருந்து, இப்போது கிட்டத்தில் இறங்கிவிட்ட நீலப் பூப் போட்ட கைப்பிடியை. அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என் வீட்டுக் கப்பு" என்றார். சூசைக்குத் திராட்சைப் பந்தலும் அண்ணன்மார்களின் சிரிப்பும் கண்முன்னே வந்தன என்பார். பதில் சொல்வதற்குப் பதிலாக உள்ளே போய் செட்டைப் போட்டு, பத்து மணி ஆனதும் சுவிட்சை அழுத்தினார். இந்த உயரத்திலிருந்து குரல் டிப்போக் கூரையைக்கூடத் தாண்டாது என்று அவருக்குத் தெரியும். எதையாவது செய்துகொண்டிருந்தால் துரையின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

மேலே நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாளாக இரைச்சலை மட்டுமே கேட்டுப் பழகிய காது. அதில் திடீரென்று, பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவது மாதிரி, "மலை, மலை, டிப்போ பேசுது. கேக்குதா?" என்று வந்தது. ஆரஞ்சு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் விழுந்தோம். "மலை பேசுகிறது, நன்றாகக் கேட்கிறது" என்று சொல்ல வேண்டும். நாற்பது நாள் மனப்பாடம் செய்து வைத்த வாக்கியம். சுவிட்சை அழுத்தினேன். வாயில் வந்தது வேறு.

"சூசை, என்னய மன்னிச்சிரு! நான் அறுபது அடியில கட்டல! பன்னெண்டு அடியிலதான் கட்டியிருக்கேன்! எனக்கு மரம் ஏறப் பயம்!"

எங்கள் மலையிலிருந்து ஒயர்லெஸ்ஸில் இறங்கிய முதல் செய்தி இதுதான். டிப்போ செட்டின் ஸ்பீக்கரில் துரை, நாட்டாமை, சுமை தூக்கும் ஆட்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் கையை எடுத்தேன். பிறகு மெதுவாக அவர் குரல் வந்தது.

"ராசு... நானும் இப்பப் பன்னெண்டு அடியிலதான்லே இருக்கேன்."

அதற்குப் பிறகு துரை சுவிட்சை வாங்கி, அரிசி எத்தனை மூட்டை இருக்கிறது என்று கேட்டார், நான் சொன்னேன். மழை பெய்ததா என்றார், சொன்னேன். என் பங்களாவில் மீதிக் கோப்பைகள் எத்தனை இருக்கின்றன என்றார். அதையும் சொன்னேன். அன்று மாலையே நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்ட காகிதம் சூசையின் கையில் இருந்தது.

ஊருக்குச் சந்தேகமே இல்லை, அம்மன் பேச வைத்தாள். சூசைக்கு அது போதவில்லை. பொங்கல் முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள், கம்பியை மறுபடி எழுபது அடிக்கு ஏற்றினார். என் குரல் போய்விட்டது. இறக்கினார், வந்துவிட்டது. மறுபடி ஏற்றி இறக்கினார், அப்படியே நடந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். உயரத்தில் கட்டிய கம்பி குரலைத் தட்டையாகத் தூரத்துக்கு எறிகிறது. அதனால்தான் கடலுக்குப் போனது. எங்கள் மலை பக்கத்தில், ஆனால் குறுக்கே சுவர் மாதிரி நிற்கிறது. தாழக் கட்டினால் குரல் நெட்டுக்கு மேலே போய், வானத்தில் பட்டு, நேராக நம் தலையிலேயே திரும்ப இறங்குகிறது. இதைப் பட்டாளத்தில் ஒரு சார்ஜெண்டு தனக்குச் சொல்லியிருக்கிறார் என்றும், அன்றைக்குத் தான் பாடத்தில் தூங்கிவிட்டதாகவும் பிற்பாடு என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டார். எல்லோரிடமும் அவர் சொன்னது வேறு: "தூரத்து ஆளுக்கு உசரக் கட்டணும். பக்கத்து ஆளுக்குத் தாழக் கட்டணும்."

அவர் கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. ஆனி மழை பிடித்துக்கொண்டு பாதை சரிந்துவிட்டது. ஆனால் அன்று காலை பத்து மணிக்கு, மாப்பிள்ளைக் கோட்டோடு சைக்கிளில் டிப்போவுக்கு வந்து, "மலை, இன்னைக்கு ரெண்டே நிமிசந்தான். பூசைக்கு நேரமாச்சு" என்றார். கோயிலில் பெண்ணும் சாமியாரும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அதை ஆரோக்கியமேரி கடைசி வரை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

அதே மழையில்தான் லயத்தில் இன்னொரு பிரசவம் சிக்கலாயிற்று. சூசை சைக்கிளில் போய் டாக்டரம்மாவை டிப்போவுக்குக் கூட்டி வந்தார். அந்த அம்மா கீழேயிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஹெட்போனில் கேட்டு, ஆபீசுக்குப் பின்னால் இருந்த லயத்தைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கத்த, லயத்து மருத்துவச்சி அதன்படி செய்தாள். மூன்று மணி நேரம். குழந்தை அழுத சத்தத்தை சுவிட்சை அழுத்திப் பிடித்து சூசைக்குக் கேட்க வைத்தேன். அந்த மனிதர் அங்கே அழுதுகொண்டிருந்தார் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். நானும் இங்கே அழுதுகொண்டுதான் இருந்தேன். அன்று பிறந்த பெண்ணைத்தான் நீங்கள் எல்லோரும் ஒயர்லெஸ் லட்சுமி என்று கூப்பிட்டு வந்தீர்கள்.

பிறகு வந்த வருடங்களில் அவருக்கு வேறு தொந்தரவு. மலையில் இருக்கிறவர்கள் கீழே இருக்கும் சொந்தக்காரர்களோடு ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று துரை அனுமதி கொடுத்தார். சுவிட்சை அழுத்துகிறவர்கள் விடமாட்டார்கள். மாடு, கன்று, மாமியார், காய்ச்சல் என்று அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, "ஏன் பதிலே சொல்ல மாட்டேங்குறாக?" என்று என்னிடம் கோபிப்பார்கள். சூசை அதற்கு ஒரு வாசகம் வைத்திருந்தார். "பேசி முடிச்சா கையை எடு. எடுக்காட்டா ஒலகத்துல நீ ஒருத்தன்தான் இருக்கேன்னு அர்த்தம்." இந்தப் பேச்சில் பாட்டரிகள் சீக்கிரம் தீர்ந்தன. சார்ஜ் செய்த பாட்டரிகளைச் சுமந்து மலையேறும் வேலை விருமாண்டிக்கு வந்தது. "காயிதம் சொமந்தவனக் கல்லு சொமக்க வச்சுட்டீகளே" என்று அவன் கடைசி வரை புலம்பினான்.

ஒவ்வொரு வைகாசியிலும் சூசை காளியம்மனுக்கு ஒரு தேங்காய் வாங்கிக் கொடுப்பார். ராயப்பன்பட்டிச் சாமியார் இதைக் கேள்விப்பட்டு, என்னப்பா இது என்று கூப்பிட்டு விசாரித்தார். "சாமி, எனக்கு ஓலை வாசிச்சது நீங்க. வாசிக்க வச்சது அவுக" என்றாராம்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, வழக்கம்போல் நிறுத்திக் காத்திருந்தேன். முடித்துவிட்டேன் என்று நினைத்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி அந்த நேரத்திலும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

எல்லாம் முடிந்து நான் புறப்படும்போது அவர் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். துணி காயப்போடும் கொடி ஒன்று கட்டியிருந்தது. பழைய செம்புக் கம்பி. ஒரு முனையில் நீலப் பூப் போட்ட கைப்பிடி.

"அவுக உசரக் கட்டுன நாளெல்லாம் எனக்கு மாப்பிள்ளை இல்ல, அண்ணே. தாழக் கட்டுனதும்தான் கெடைச்சாக" என்றார். "நீங்க மட்டும் அவுக சொன்னபடி அறுபது அடியில கட்டியிருந்தா, அன்னைக்கு மேல இருந்து சத்தம் வந்திருக்காதாமே? அவன் பயந்தாங்கொள்ளியா இருந்ததுதான் நம்ம கல்யாணத்துல பாதின்னு அடிக்கடி சொல்லுவாக. ஒங்ககிட்டச் சொன்னா தலைகால் புரியாம ஆடுவீகன்னு சொன்னதில்ல."

கொடியிலிருந்து பத்தடிக் கம்பியை வெட்டி, கைப்பிடியோடு ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார்.

சூசையுடையதாக என்னிடம் இருப்பவை இரண்டு. பேசி முடித்ததும் காத்திருக்கும் பழக்கம் ஒன்று. அதனால் என் வீட்டில் எல்லோரும் எனக்குக் காது மந்தம் என்று நினைக்கிறார்கள். மற்றது இந்தக் கம்பி. கொல்லையில் தென்னைக்கும் முருங்கைக்கும் நடுவே கட்டியிருக்கிறேன். இந்த வயதில் ஏணி எதற்கு என்று தரையில் நின்றபடியே கட்டினேன், அது என் நெற்றிக்கு நேராக வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை துண்டு எடுக்கப் போகும்போதும் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது. உயர்த்திக் கட்டித் தருகிறேன் என்று மகன் ஏணியைக் கொண்டு வந்தான். வேண்டாம், பக்கத்து ஆளுக்கு இந்த உயரம் போதும் என்று சொல்லிவிட்டேன்.